கி.மு. 323 என்னும் கட்டம்: வரலாற்றுப் பாடநூல் எழுதுவோருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய வரலாற்றுப் பாடநூல் ஆசிரியர்களுக்கும் பதிப்பாசிரியர்களுக்கும் வணக்கம்.

பல ஆண்டுகளாக உங்கள் நூல்களைக் கையில் வைத்துக்கொண்டு வகுப்பெடுக்கும் வரலாற்று ஆசிரியை நான். ஒரு பாடநூலுக்குப் பின்னால் எவ்வளவு உழைப்பு இருக்கிறது என்பது எனக்குத் தெரியும். அந்த உழைப்பின் மேல் உள்ள மதிப்பினால்தான், ஒரே ஓர் ஆண்டைப் பற்றி இவ்வளவு நீளமாக எழுதத் துணிகிறேன். அது கி.மு. 323. அலெக்சாண்டர் பாபிலோனில் இறந்த ஆண்டு.

போன தேர்வில் என் மாணவி ஒருத்தி, அலெக்சாண்டர் எப்போது இறந்தார் என்ற வினாவுக்கு "114ஆம் ஒலிம்பியாடின் முதல் ஆண்டு, கி.மு. 324/323" என்று விடை எழுதியிருந்தாள். ஒலிம்பியாடு என்பது இரண்டு ஒலிம்பியா விளையாட்டுகளுக்கு இடைப்பட்ட நான்காண்டுக் காலம். திருத்தியவர் அந்தச் சாய்கோட்டைச் சிவப்பு மையால் சுழித்து, "ஏதாவது ஒன்றை எழுது" என்று பக்கத்தில் குறித்து, மதிப்பெண்ணைக் குறைத்துவிட்டார். அவரை நான் குறை சொல்ல மாட்டேன். அவர் கையிலிருந்த நூலில் சாய்கோடே கிடையாது. பின்னிணைப்பில் ஒரு கட்டம் இருக்கிறது. மேலே கி.மு. 323. கீழே ரோமானிய ஆண்டு 431, ஒலிம்பியாடு 114, யூத ஆண்டு 3438, கலியுகம் 2779. ஒவ்வொன்றுக்கும் நடுவில் ஒரு சமக்குறி. அந்தப் பெண் எழுதியது சரி. கட்டத்தில் இருந்த சமக்குறிதான் தவறு. அதை எடுத்துவிடுங்கள் என்று கேட்பதற்காகத்தான் இந்த மடல்.

அவளுக்கு அந்தச் சாய்கோடு எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். வகுப்பில் ஒரு நாள் அவள் எழுந்து, "மிஸ், கி.மு.ன்னு நாமதானே சொல்றோம்? அப்போ இருந்தவங்க அதை எந்த வருஷம்னு சொல்லியிருப்பாங்க?" என்று கேட்டாள். நேர்மையான கேள்வி. பாடநூலில் அதற்கு விடை இல்லை. தேடிப் படித்தோம். படிக்கப் படிக்க, அந்த ஓர் ஆண்டு எங்கள் கண்முன்னாலேயே பல ஆண்டுகளாகப் பிரிந்துபோனது.

பாபிலோனிலிருந்தே தொடங்குகிறேன். பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் 45962 என்ற எண்ணுள்ள ஓர் உடைந்த களிமண் வில்லை இருக்கிறது. பாபிலோனிய வானியலாளர்கள் எழுதிவந்த நாட்குறிப்பின் ஒரு துண்டு அது. ஒவ்வோர் இரவும் நிலா எங்கே இருந்தது, எந்தக் கோள் எந்த விண்மீனுக்கு அருகில் வந்தது, மேகமா, காற்றா, மழையா என்று ஆப்பெழுத்தில் பதிவார்கள். மாத முடிவில் ஒரு ஷெக்கல் வெள்ளிக்கு எவ்வளவு பார்லி, எவ்வளவு பேரீச்சை, கடுகு, எள், கம்பளி கிடைத்தது என்றும், யூப்ரடீஸ் ஆற்றில் நீர் எவ்வளவு ஏறியது, இறங்கியது என்றும் எழுதிவைப்பார்கள். நமக்குக் கிடைத்தவற்றில் மிகப் பழையது கி.மு. 652ஐச் சேர்ந்தது, கடைசியானது கி.மு. 61ஐச் சேர்ந்தது. இடையில் அரசுகள் மாறின, மொழிகள் மாறின. குறிப்பெடுப்பது மட்டும் நிற்கவில்லை. அந்தத் துண்டில், இரண்டாம் மாதமான அய்யாருவின் 29ஆம் நாளுக்கு நேராக, மன்னன் இறந்தான் என்று இருக்கிறது. பெயர் இல்லை, அடைமொழி இல்லை. அடுத்த சொல் மேகங்களைப் பற்றியது.

உலகத்தின் பெரும்பகுதியை வென்றவர் என்று உங்கள் நூல் நான்கு பக்கம் எழுதும் மனிதருக்கு, அவர் இறந்த ஊரில், இறந்த நாளில் கிடைத்த இடம் இவ்வளவுதான். இந்த வரியை நான் வகுப்பில் படித்தபோது யாரும் பேசவில்லை. பாடநூலில் இது இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று அன்றைக்கு நினைத்தேன்.

அந்த வில்லையில் 323 என்ற எண் இல்லை. இருக்கவும் முடியாது. பாபிலோனில் ஆண்டு என்பது மன்னனின் ஆட்சியாண்டு. வசந்தத்தில் நிசான் மாதப் பிறை தெரிந்ததும் அது பிறக்கும். நாள் பிறப்பதோ சூரியன் மறையும்போது. ஆகவே அய்யாரு 29 என்பது நம் கணக்கில் ஜூன் 10 மாலையில் தொடங்கி ஜூன் 11 மாலையில் முடிகிறது. மாதங்கள் பிறையைப் பின்பற்றியதால் சூரிய ஆண்டோடு ஒட்டவைக்க 19 ஆண்டுக்கு 7 முறை அதிக மாதம் சேர்த்தார்கள். இவ்வளவும் தெரிந்த பிறகுதான் ஜூன் 11 என்ற விடையை அடைய முடியும். அதை அடைய உதவியதும் அந்த நாட்குறிப்புகளில் இருக்கும் வானம்தான். நிலவும் கோள்களும் இருந்த இடங்களைப் பின்னோக்கிக் கணக்கிட்டு, கிரகணங்களைப் பொருத்திப் பார்த்து, ஆய்வாளர்கள் நாள்களைப் பிடித்தார்கள். பாரசீக மன்னரை அலெக்சாண்டர் வென்ற கௌகமேலா போருக்கு 11 நாள் முன்பு நிலா மறைந்ததைக் கிரேக்கர்களும் எழுதியிருக்கிறார்கள், பாபிலோனியர்களும் பதிந்திருக்கிறார்கள். அது கி.மு. 331 செப்டம்பர் 20. போர் அக்டோபர் 1. இரண்டு நாட்காட்டிகளையும் கோத்துத் தைக்க உதவிய ஊசி அந்தக் கிரகணம்.

இங்கே ஒரு சிறு திருத்தம். உங்கள் கட்டத்தில் "கிரெகொரியன் நாட்காட்டி: கி.மு. 323 ஜூன் 11" என்று அச்சாகியிருக்கிறது. அது கிரெகொரியன் தேதி இல்லை. ஜூலியஸ் சீசர் கி.மு. 45இல் நடைமுறைக்குக் கொண்டுவந்த நாட்காட்டியை 278 ஆண்டு பின்னால் நீட்டிக் கணக்கிட்ட தேதி. கிரெகொரியனில் சொன்னால் ஜூன் 6. பண்டைய தேதிகளை ஜூலியன் முறையில்தான் வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள். ஒரே ஒரு சொல்லை மாற்றினால் போதும்.

கிரேக்கத்துக்கு வருகிறேன். ஏதென்சில் ஆண்டுக்கு எண் கிடையாது, பெயர் உண்டு. அந்த ஆண்டு ஆர்க்கோன் என்னும் நகர ஆட்சிப் பதவியில் இருப்பவரின் பெயரே ஆண்டின் பெயர். பதவி மாறுவது கோடையின் நடுவில், ஹெக்கட்டோம்பையோன் மாதத்தில். அலெக்சாண்டர் இறந்தது 114ஆம் ஒலிம்பியாடில், ஏதென்சில் ஹெகேசியாஸ் ஆர்க்கோனாக இருந்தபோது என்று கிரேக்க வரலாற்றாசிரியர் அரியன் எழுதுகிறார். ஹெகேசியாசின் ஆண்டு கி.மு. 324 கோடையில் பிறந்து 323 கோடையில் முடிந்தது. ஜூன் 11 அதன் கடைசி வாரங்களில் விழுகிறது. அதற்குப் பிறகு கெபிசொதோரஸ் ஆண்டு.

இதனால் என்ன பெரிய வேறுபாடு என்று கேட்கலாம். கி.மு. 324 கோடையில் ஒலிம்பியா விளையாட்டுக் கூட்டத்தில், நாடு கடத்தப்பட்டவர்கள் எல்லாரும் ஊர் திரும்பலாம் என்ற அலெக்சாண்டரின் ஆணையை ஸ்தகிராவின் நிகானோர் படித்தார். கேட்பதற்கு இருபதாயிரத்துக்கு மேற்பட்ட அகதிகள் கூடியிருந்தார்கள் என்கிறார் வரலாற்றாசிரியர் தியோதோரஸ். ஏதென்சுக்கு அந்த ஆணை பெரிய இடி. சாமோஸ் தீவை அவர்கள் விட்டுக்கொடுக்க வேண்டியிருந்தது. ஆண்டு முழுவதும் அந்தக் கோபம் கனன்றது. மன்னர் இறந்த செய்தி வந்ததும் மாசிடோனியாவுக்கு எதிரான லாமியப் போராக வெடித்தது. ஏதேனியர் ஒருவரிடம் கேட்டால், ஆணையும் மரணமும் ஒரே ஆண்டு, போர் அடுத்த ஆண்டு என்று சொல்லியிருப்பார். உங்கள் காலக்கோட்டில் ஆணை ஓர் ஆண்டு, மரணமும் போரும் அடுத்த ஆண்டு. அவர்கள் ஒரே மூச்சில் சொன்னதை நம் கோடு வெட்டுகிறது, அவர்கள் பிரித்ததை ஒட்டுகிறது. காரணமும் விளைவும் எங்கே நிற்கின்றன என்பது மாணவருக்குப் புரிய வேண்டுமானால், அந்தச் சாய்கோடு வேண்டும்.

செய்தி வந்த விதத்தையும் சொல்லாமல் விட மனமில்லை. மன்னர் இறந்துவிட்டார் என்று ஏதென்சில் முதல் வதந்தி பரவியபோது, உண்மையாக இருந்தால் அந்தப் பிண வாடை உலகம் முழுவதும் வீசியிருக்குமே என்றாராம் ஏதென்ஸ் அரசியல்வாதி தெமாதேஸ். அவசரப்பட வேண்டாம், இன்று இறந்தவர் நாளையும் இறந்தவராகத்தான் இருப்பார், மறுநாளும் அப்படியே என்றாராம் அவ்வூர்த் தளபதி போகியோன். பிற்காலக் கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க் இதைப் பதிவு செய்திருக்கிறார். பாபிலோனின் அய்யாரு 29 ஏதென்சுக்கு வந்து சேரப் பல வாரங்கள் ஆயின. ஒரு நிகழ்வின் தேதி என்பது அது நடந்த ஊரின் தேதி மட்டுமே.

மாசிடோனியர்களின் நாட்காட்டியில் அவர் இறந்தது தைசியோஸ் மாதம். அரச நாட்குறிப்பின்படி 28ஆம் நாள் மாலை என்று புளூட்டார்க் சொல்கிறார். அதே புளூட்டார்க், அலெக்சாண்டருடன் படையில் சென்ற அரிஸ்டோபுலோசைச் சுட்டி, 30ஆம் நாள் என்றும் எழுதுகிறார். பாபிலோன் வில்லையோ 29 என்கிறது. மூன்று எண், ஒரே மரணம். மாதம் பிறக்கும் நாள் ஊருக்கு ஊர் ஒன்று முன்பின்னாகலாம். 29 நாள் மாதத்திலும் கடைசி நாளை "முப்பது" என்றே குறிக்கும் வழக்கம் கிரேக்கரிடம் உண்டு. யாரும் பொய் சொல்லாமலே மூன்று எண்கள் வரலாம் என்பதை ஒரு பதினைந்து வயது மாணவர் புரிந்துகொள்வார். புரிந்துகொண்டதை நான் பார்த்தேன்.

தைசியோஸ் மாதத்துக்கு இன்னொரு கதையும் உண்டு. மாசிடோனிய மன்னர்கள் அந்த மாதத்தில் படையெடுப்பதில்லை. கி.மு. 334இல் கிரானிகஸ் ஆற்றங்கரையில் பாரசீகப் படை எதிரே நின்றபோது தளபதிகள் இதை நினைவூட்டினார்கள். அப்படியானால் இந்த மாதத்தை இரண்டாம் ஆர்தெமிசியோஸ் என்று அழையுங்கள் என்றார் அலெக்சாண்டர். மாதத்தின் பெயரை மாற்றிவிட்டு ஆற்றைக் கடந்தார். பதினோரு ஆண்டு கழித்து, பெயர் மாற்ற யாரும் இல்லாத ஒரு தைசியோசில் அவர் கண்ணை மூடினார். நாட்காட்டி ஆளுகிறவர் கையில் இருந்தது என்பதைக் காட்ட இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

இப்போது எகிப்து. இதுதான் என்னை உங்களுக்கு எழுத வைத்த இடம். எகிப்திய ஆண்டு 365 நாள், மிகுநாள் கிடையாது. நான்கு ஆண்டுக்கு ஒரு நாள் வீதம் அது பருவத்தைவிட்டு நழுவிக்கொண்டே போகும். நாள் பிறப்பது விடியலில். அலெக்சாண்டர் இறந்த காலத்தில் ஆண்டின் முதல் நாளான தோத் 1 நவம்பர் 12இல் விழுந்தது. ஜூன் 11க்கு நேரான நாள் பார்முத்தி 2. அலெக்சாண்டரைப் பற்றிய பிற்காலக் கதைநூல் ஒன்று பார்முத்தி 4 என்று சொல்கிறது. பழைய வரலாற்று நூல்களில் நீங்கள் பார்க்கும் ஜூன் 13 அதற்கு நேரான நாள்தான்.

அதைவிட முக்கியமானது ஆட்சியாண்டை எண்ணும் முறை. பாபிலோனின் பழைய வழக்கத்தில், மன்னர் இறந்த ஆண்டின் மிச்ச நாள்கள் புதியவருக்கு அரியணையேறிய காலமாக மட்டும் நிற்கும். அடுத்த நிசானில்தான் முதலாம் ஆண்டு. எகிப்தியக் கணக்கில் அப்படி இல்லை. புதியவர் ஆட்சிக்கு வந்த எகிப்திய ஆண்டு முழுவதும், அதன் முதல் நாளிலிருந்தே, அவருடைய முதலாம் ஆண்டாகிவிடும். அலெக்சாண்டருக்குப் பின் மன்னரானவர் அவருடைய சகோதரர் பிலிப் அரிதையோஸ். அவர் ஜூன் மாதம் ஆட்சிக்கு வந்தார். வானியலாளர் தாலமியின் அரசர் பட்டியலில் அவருடைய முதலாம் ஆண்டு கி.மு. 324 நவம்பர் 12இல் தொடங்குகிறது. பாபிலோன் மன்னர் நபோனாசர் பெயரிலான ஆண்டுத்தொடர் கி.மு. 747 பிப்ரவரி 26இல் தொடங்கி 424 எகிப்திய ஆண்டு முடிந்த நாள் அது. அந்த நாளிலிருந்து எண்ணும் ஆண்டுகளைத் தாலமி தம் நூலில் "அலெக்சாண்டரின் மறைவு முதல்" என்று அழைக்கிறார்.

அந்த நவம்பரில் அலெக்சாண்டர் உயிரோடு இருந்தார். உயிர் நண்பன் ஹெபைஸ்டியோனை எக்பட்டானாவில் பறிகொடுத்த துயரத்தில் இருந்தார்.  அவர் மறைவிலிருந்து எண்ணும் ஆண்டுத்தொடரோ தொடங்கி ஓடிக்கொண்டிருந்தது. நாங்கள் இதைக் கரும்பலகையில் மாதம் மாதமாக வரைந்தோம். நவம்பரிலிருந்து ஜூன் வரை, ஏறத்தாழ ஏழு மாதம், உயிரோடு இருக்கும் ஒருவர் தம் மறைவுக்குப் பிந்தைய ஆண்டில் நடமாடிக்கொண்டிருக்கிறார். தாலமி பிழை செய்யவில்லை. வானியல் கணக்குக்கு உடையாத முழு ஆண்டுகள் வேண்டும், மரணம் நடு ஆண்டில் வந்து கணக்கைக் கெடுக்கக் கூடாது. அவருக்கு அது சரி. அந்த எண்ணை எடுத்து "= கி.மு. 323" என்று நாம் போடும்போதுதான் தவறாகிறது.

அந்தக் காலத்தில் தொடர்ந்து ஓடும் ஆண்டெண் என்பதே பொது வழக்கில் இல்லை. மன்னர் மாறினால் எண்ணும் ஒன்றிலிருந்து தொடங்கும். அதை நிறுத்தி, மன்னர் இறந்த பிறகும் எண்ணிக்கையைத் தொடரவிட்டது, அலெக்சாண்டரின் தளபதிகளில் ஒருவரான செலூக்கஸின் பெயரிலான செலூக்கிய ஆண்டு. அதுகூடக் கிரேக்கர்களுக்குக் கி.மு. 312 இலையுதிர் காலத்திலும், பாபிலோனியர்களுக்கு 311 வசந்தத்திலும் தொடங்குகிறது. ஒரே ஆண்டுத்தொடருக்கு இரண்டு தொடக்கம். இதை ஒட்டிய காலத்தில் நடந்த ஒன்று என் மனதை விட்டுப் போவதில்லை. அலெக்சாண்டர் இறந்தபின் பிறந்த மகன் நான்காம் அலெக்சாண்டர் கி.மு. 310 வாக்கில், சிறுவனாகவே, கொல்லப்பட்டான். ஆனால் எகிப்திலும் பாபிலோனிலும் எழுத்தர்கள் சில ஆண்டுகள் அவன் ஆட்சியாண்டையே ஆவணங்களில் எழுதிக்கொண்டிருந்தார்கள். வேறு மன்னர் இல்லை. ஆண்டுக்கு ஒரு பெயர் வேண்டும். இறந்த பையனின் பெயரில் நிலம் விற்றார்கள், கடன் எழுதினார்கள்.

ரோமைப் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை, ஒன்றே ஒன்று. உங்கள் கட்டத்திலுள்ள 431, நகரம் தோன்றியதிலிருந்து எண்ணியது, ரோமானிய அறிஞர் வர்ரோவின் கணக்கு. ரோமானியர்கள் அன்றாட ஆவணங்களில் அதை எழுதவில்லை, ஆண்டுதோறும் பதவிக்கு வரும் ஆட்சித் தலைவர்களான கான்சல்கள் இருவரின் பெயரைத்தான் எழுதினார்கள். வர்ரோவின் கணக்கில் கான்சல்களே இல்லாத நான்கு "சர்வாதிகாரி ஆண்டுகள்" உண்டு: கி.மு. 333, 324, 309, 301. அவை உண்மையில் கழிந்த ஆண்டுகள் இல்லை, பட்டியலை நீட்டப் பின்னால் சேர்த்தவை என்பதே பெரும்பாலான ஆய்வாளர்களின் முடிவு. 323க்கு முந்திய படியே இல்லாத படி. அதன் மேல் நிற்கும் 431ஐச் சமக்குறியோடு எழுதுவது எப்படி?

சீனா வேறு விதம். அங்கே அந்த ஆண்டு வளமானது. சௌ அரசர் சியானின் 46ஆம் ஆண்டு என்பது பெயரளவுக்கு எல்லாருக்கும் பொது. ஆனால் ஒவ்வோர் அரசும் தன் ஆட்சியாளரின் ஆண்டைத்தான் எண்ணியது. சின் அரசில் ஹுய்வென் "அரசர்" பட்டம் சூடியபின் எண்ணிக்கையை மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கியிருந்தார், ஆகவே அங்கே அது புதுக்கணக்கின் 2ஆம் ஆண்டு. வெய் அரசில் ஹுய் அதற்கும் முன்பே அப்படிச் செய்திருந்தார், அங்கே 12ஆம் ஆண்டு. இதே ஆண்டில்தான் வெய், ஹான், சாவ், யான், சோங்ஷான் என ஐந்து அரசுகள் ஒன்றையொன்று அரசர் என்று ஏற்றுக்கொண்டன. பட்டம் மாறும் காலத்தில் ஆண்டெண்ணும் மாறுகிறது.

இந்த எண்களை எல்லாம் ஒரே அட்டவணையில் பக்கம்பக்கமாக அடுக்கிக் காட்டிய மாமனிதர் சீன வரலாற்றாசிரியர் சீமா சியான். கி.மு. 100 வாக்கில் அவர் எழுதிய வரலாற்றில் ஆறு அரசுகளின் ஆண்டு அட்டவணை இருக்கிறது. உங்கள் கட்டத்துக்கு மூதாதை அது. அதிலேயே ஒரு சறுக்கல் நேர்ந்தது. வெய் அரசர் ஹுய் 36 ஆண்டு ஆண்டபின் எண்ணிக்கையைப் புதிதாகத் தொடங்கினார் என்பது சீமா சியானுக்குக் கிடைத்த சான்றுகளில் இல்லை. எண் ஒன்றாகிவிட்டது, ஆகவே மன்னர் மாறியிருக்க வேண்டும் என்று கொண்டு, பின்னைய 16 ஆண்டுகளை மகன் சியாங்குக்குக் கொடுத்துவிட்டார். கி.பி. 280ஐ ஒட்டி ஒரு பழைய கல்லறையிலிருந்து மூங்கில் பட்டைகளில் எழுதிய வெய் நாட்டு ஆண்டுக்குறிப்பு வெளிவந்தது. அதற்குப் பிறகுதான், அந்த ஆண்டுகளும் தந்தையுடையவை என்பது தெரிந்தது. அவ்வளவு பெரிய அறிஞர், அவ்வளவு கவனம். எண்ணை மட்டும் பார்த்து, எந்தக் கணக்கின் எண் என்பது தெரியாமல் போனதால், உயிரோடிருந்த மன்னர் ஒருவர் 16 ஆண்டு முன்பே இறந்துபோனார். 12 என்ற எண் தவறில்லை, யாருடைய 12 என்பதுதான் தவறு.

கட்டத்தில் சீன அறுபதாண்டுச் சுழற்சியில் அது 35ஆம் ஆண்டு என்றும் போடுகிறீர்கள். சுழற்சிக் கணக்கில் அது சரிதான். ஆனால் அந்தக் காலத்தில் அறுபதின் சுழற்சி நாள்களை எண்ணப் பயன்பட்டது. ஆண்டுகளுக்கு அதைப் பொருத்தியது பின்னால், ஹான் காலத்தில்.

இந்தியாவில் அந்த ஆண்டுக்கு அன்று என்ன பெயர் இருந்தது என்பதற்கு எழுத்துச் சான்று இல்லை. பின்னால் அசோகர் தம் கல்வெட்டுகளில் முடிசூடி இத்தனை ஆண்டு ஆனபோது என்றுதான் எழுதினார். கலிங்கப் போர் முடிசூடி எட்டாண்டு ஆனபோது. அதே 13ஆம் பாறைக் கல்வெட்டில் அந்தியோகஸ், தாலமி, அந்திகோனஸ், மகஸ், அலெக்சாண்டர் என ஐந்து யவன அரசர்களின் பெயர்கள் வருகின்றன. அந்த அரசர்களின் காலம் தெரிந்ததால்தான் அசோகரின் காலம் தெரிந்தது. கிரேக்கர் எழுதிய சாண்ட்ரகோட்டஸ் சந்திரகுப்த மௌரியரே என்று 1793இல் வில்லியம் ஜோன்ஸ் அடையாளம் கண்டபோது, இந்தியப் பழங்காலக் கணக்கு முழுவதும் அலெக்சாண்டரின் ஆண்டுகளில் வந்து மாட்டிக்கொண்டது. அதனால் கி.மு. 323 ஆட்டம் கண்டால் மௌரியர் காலமும் சேர்ந்து ஆடும். பாடநூலில் அதற்கு ஒரு வரி கூட இல்லை என்பது எனக்கு உண்மையாகவே வருத்தம்.

சரி, கலியுகம் 2779? கலியுகத் தொடக்கமான கி.மு. 3102 வானியல் சித்தாந்தங்களின் கணக்கு. கலியில் 3600 ஆண்டு கழிந்தபோது தமக்கு வயது 23 என்று ஆரியபட்டர் எழுதியது கி.பி. 499ஐக் குறிக்கிறது. யூதர்களின் உலகத் தோற்ற ஆண்டும் வேதநூல் தலைமுறைகளைக் கூட்டிப் பின்னால் கணக்கிட்டதே. திருவள்ளுவர் ஆண்டு கி.மு. 31ஐத் தொடக்கமாகக் கொண்டு 20ஆம் நூற்றாண்டில் வழக்குக்கு வந்தது, அலெக்சாண்டர் இறந்தது அதற்கு 292 ஆண்டு முன்பு. இவை ஒவ்வொன்றும் ஒரு மக்களுக்கு உயிரான கணக்கு. இவற்றைக் கட்டத்திலிருந்து நீக்கச் சொல்ல மாட்டேன். நான் கேட்பது, அன்று வாழ்ந்தவர்கள் வாயில் இருந்த ஆண்டையும், பின்னால் வந்தவர்கள் கணக்கிட்டுப் பொருத்திய ஆண்டையும் தனித்தனி வரிசையாக எழுதுங்கள் என்பதுதான்.

நாம் தலைப்பில் போடும் கி.மு.வும் இரண்டாம் வரிசையைச் சேர்ந்ததே. கிறித்து ஆண்டுக் கணக்கைத் தொடங்கிய தியோனீசியஸ் எக்சிகூஸ் எழுதியது கி.பி. 525இல். அதில் பூச்சியம் இல்லை. கி.மு. 1க்கு அடுத்தது கி.பி. 1. அதனால் வானியலாளர்கள் கி.மு. 323ஐ மைனஸ் 322 என்று எழுதுகிறார்கள். 323ஐயும் 2025ஐயும் கூட்டி 2348 ஆண்டு ஆனது என்று பயிற்சி வினா ஒன்றில் விடை தந்திருக்கிறீர்கள். 2347தான் சரி. மாரத்தான் போர் நடந்தது கி.மு. 490. அதன் 2500ஆம் ஆண்டு நிறைவை 2010இலேயே பலர் கொண்டாடிவிட்டார்கள். கணக்குப்படி அது 2011இல்தான் வர வேண்டும். பெரியவர்களே தடுமாறும் இடத்தில் பிள்ளைகளுக்குக் கைபிடித்துக் காட்ட வேண்டியது பாடநூல்.

இதற்கெல்லாம் பக்கம் ஏது என்று நீங்கள் கேட்பீர்கள். நியாயமான கேள்விதான், பக்கத்துக்குப் பக்கம் வெட்டிச் சுருக்கும் வேதனை உங்களுக்கு. அதனால் எல்லா ஆண்டுக்கும் கேட்கவில்லை. நூலுக்கு ஓர் ஆண்டு போதும். ஒரே ஓர் ஆண்டை எடுத்து, ஒரே பக்கத்தில், பட்டைகளாக வரையுங்கள். இடமிருந்து வலமாக மாதங்கள் ஓடட்டும். பாபிலோன் பட்டை ஏப்ரலில் தொடங்கட்டும், ஏதென்ஸ் பட்டை கோடையில், எகிப்தின் பட்டை நவம்பரில். எங்கள் கரும்பலகையில் நாற்பது நிமிடத்தில் வரைந்தோம். ஜூன் 11க்கு நேராக மேலிருந்து கீழே ஒரு கோடு போட்டால், அது ஒவ்வொரு பட்டையையும் வெவ்வேறு இடத்தில் வெட்டுவது கண்ணுக்குத் தெரியும். சமக்குறிக்கு அங்கே இடமே இருக்காது. வினாத்தாள் அமைப்போருக்கும் ஒரு வரி சேர்த்துவிடுங்கள்: ஆண்டு நடுவில் மாறும் நாட்காட்டிகளுக்குச் சாய்கோடு சரியான விடை. அந்தப் பெண்ணின் மதிப்பெண் இனித் திரும்பி வராது. அடுத்து எழுதும் பிள்ளைகளுக்கு உதவும்.

அந்தப் பக்கத்தின் மூலையில் கொஞ்சம் இடம் மிஞ்சினால், அலெக்சாண்டரின் சிலைப் படத்துக்குப் பதிலாக அந்த உடைந்த வில்லையின் படத்தைப் போடுங்கள். கீழே அதில் இருப்பதை மட்டும் எழுதுங்கள்: அய்யாரு 29, மன்னன் இறந்தான், மேகங்கள்.

மிகுந்த மதிப்புடன்,
ஒரு வரலாற்று ஆசிரியை